ஒரு வளவில் எத்தனை அடுப்பு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் சேருவார். தாயும் தகப்பனும் பின்னுக்கு ஒதுங்குவார்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நானும் ஒதுங்கினேன். கல்முனையில் கடற்கரைப் பக்கம் எங்கள் வளவு. முன்னுக்குக் கல்வீடு. நான் சவுதியில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் எழும்பியது. மகளுக்குக் கலியாணம் பேசி வந்தபோது அவள் பெயருக்கு எழுதினோம். பின்னுக்குத் தகரம் போட்ட ஓர் அறை. விறகு வைக்கக் கட்டியது. அதில் நானும் என் புருஷனும் இருந்தோம். அவர் சீனி வருத்தத்தில் மௌத்தானார். பிறகு நான் மட்டும் இருந்தேன்.

படுக்கை பின்னுக்கு. சோறு முன்வீட்டில். மருமகன் சாப்பிட்டு எழும்பும்வரை நான் உள்ளே போகமாட்டேன். மருமகனுக்கு முன்னால் மாமி இருந்து சாப்பிடுவது எங்களிடம் இல்லை. அவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போன பிறகு குசினியில் மகளும் நானும் பேரப்பிள்ளைகளும் பானையைச் சுற்றி இருப்போம். கடைசியில் மகள் கறிச்சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி எனக்கு ஒரு வாய் தருவாள். அவள் சின்னதாக இருக்கும்போது நான் அவளுக்குக் கொடுத்தது. எப்போது அது மாறியது என்று ஞாபகம் இல்லை.

பிறகு சாமான் விலை ஏறியது. எல்லாருக்கும் ஏறியதுதான். மருமகன் பெற்றோலுக்கு வரிசையில் நின்றார். ஓட்டோ ஓடியதைவிட நின்றது கூட. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியபோது ஏறுவதற்கு ஆள் இல்லை. மகள் சோறு போடும்போது நான் அகப்பையின் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன். எனக்குப் போட்டுவிட்டுத் திரும்ப விட்டால் அது பானையின் அடியில் முட்டும். "எனக்குப் பசி இல்ல" என்று தனக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள். கடைசிப் பிள்ளை அப்போது அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சொன்னேன்.

"புள்ள, எனக்கு இப்ப கொச்சிக்காய் உறைப்பு ஒத்துக்கொள்ளுதில்ல. பின்னுக்கு ஒரு அடுப்பு வெச்சி ஒரு பிடி அரிசி நானே ஆக்கிக்கிறன்."

"சரி உம்மா," என்றாள்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அதனால்தான் அவளும் கேட்கவில்லை போல. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. சோறு போதவில்லை.

மூன்று கல் வைத்தேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிற வேலை எனக்கு இருந்தது. காலையில் சாக்கு வரும். பின்னேரம் உரித்ததை எடுத்துப் போவார்கள். அந்தக் கூலியில் அரிசி வாங்கினேன். காய்ந்த வெங்காயத் தோல் அடுப்பு மூட்ட உதவியது. தனியே ஆக்கித் தனியே தின்றேன். சவுதியிலும் குசினியில் தனியேதான் தின்றேன். அங்கே அது வேலைக்காரியின் சாப்பாடு. மனதில் ஒன்றும் இருக்கவில்லை. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் பிள்ளைகளுக்கு ஊட்டுகிற சத்தம் கேட்கும்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பள்ளிவாசலில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு மாதா மாதம் உலருணவுப் பொதி கொடுக்கத் தொடங்கினார்கள். ஸகாத் காசும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியதும் சேர்த்து அரிசி, மா, பருப்பு, சீனி. எது ஒரு குடும்பம் என்பதில்தான் கரைச்சல் வந்தது. முதலில் தலைக்கணக்கு எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்தின. பிறகு கதவுக்கணக்கு. ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு, கதவுக்கு ஒரு குடும்பம் என்று வந்தது. கடைசியில் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் கூடிக் கதைத்து அடுப்புக்கணக்கு என்று முடித்தார்கள். ஒரு வளவுக்குள் உம்மா, மூத்த மகள், இளைய மகள் என்று இருப்பார்கள். எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடும்பம். அடுப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு, துண்டுக்கு ஒரு பொதி.

அடுப்படிவரைக்கும் ஆண்கள் வர ஏலாது. அதனால் பெண்களை அனுப்பினார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்தவள் ஒரு டீச்சர். என்னுடைய ஒன்றுவிட்ட ராத்தாவின் மகள், என்னைச் சாச்சி என்று கூப்பிடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். மனம் நல்லது. அவள் வருகிறாள் என்றால் வளவுக்கு வளவு புது அடுப்பு முளைக்கும். கல்லை வைத்துக் கரியும் பூசி வைப்பார்கள். அவள் நேரே போய்ச் சாம்பலுக்குள் கையை விடுவாள். சூடு இருந்தால்தான் கணக்கு.

பக்கத்து வளவு மச்சியை அவள் பிடித்தது எனக்குக் கேட்டது. நடுவில் ஒரு வேலிதான்.

"இது ஆருட அடுப்பு?"

"எளைய மகள்ர," என்றாள் மச்சி.

"எளைய மகள் கொழும்புலதானே இரிக்கா?"

"வந்தா ஆக்குவாதானே."

"வரட்டும், பொதியும் வரும். இது போன பெருநாச் சாம்பல் கா. ஐஸ் மாதிரிக் கிடக்கு."

மச்சியே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. என் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு வளவில் தாய்க்கு ஒரு அடுப்பு, மகளுக்கு ஒரு அடுப்பு என்றால் ஊர் ஒன்றைத்தான் விளங்கும். வீட்டை வாங்கிக்கொண்டு தாயைப் பட்டினி போட்டாள் என்று. அப்படி இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஏலுமா? மற்றது என்னுடைய விஷயம். நான் தனியே ஆக்குவது எனக்கும் மகளுக்கும் இடையில் இருக்கிறது. வெளியே ஒன்று என்று இருந்தால், நிலைமை சரிவந்த பிறகு ஒரு நாள் அந்தப் பானைக்குத் திரும்பிப் போகலாம். பள்ளிவாசலே இரண்டு என்று எடுத்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு போவது? பொதி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்று என்று இருந்தால் போதும்.

பானையை இறக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். அறை நிறையப் புகை. அதற்குள் டீச்சர் வந்துவிட்டாள்.

"சாச்சி, ஒங்கட வளவுல எத்தின அடுப்பு?"

"ஒண்டு."

"அப்ப இஞ்ச என்ன பொகை?"

"குளிக்கச் சுடுதண்ணி வெச்ச."

குனிந்து பார்த்தாள். சாம்பல் சேறாகக் கிடந்தது. கையை விடவில்லை.

"எல்லாரும் இல்லாத அடுப்பக் காட்டுறாங்க. நீங்க என்ன சாச்சி, இரிக்கிற அடுப்புக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"தண்ணி சூடாகிட்டு. நூத்திட்டன்."

"சோத்து வாசம் வருகுது."

"முன்னுக்கு ஆக்கிறா."

மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவடியில் நின்றாள். எல்லாம் அவளுக்குக் கேட்டது. டீச்சர் அவளைப் பார்த்தாள். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஒண்டு," என்று டீச்சர் மகளின் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு பானையை வெளியே எடுத்தேன். அரிசி பாதிதான் வெந்திருந்தது. விறகு ஈரம், திரும்ப மூட்ட ஏலவில்லை. அப்படியே தின்றேன்.

முதல் பொதி வந்த அன்று மகள் ஒரு சுளகில் அரிசியும் பருப்பும் கொண்டு வந்தாள்.

"ஒங்கட பங்க எடுங்க உம்மா."

"பங்கு என்னத்துக்கு? ஒரு அடுப்புக்கு வந்த சாமான். ஒரு அடுப்புல ஆக்கு."

அப்படியென்றால் சாப்பிட வாங்க என்று சொல்வாள் என்று பார்த்தேன். வாயைத் திறந்தாள். முன்வீட்டில் பிள்ளை அழுதது. சுளகை வாசலில் வைத்துவிட்டு ஓடினாள். பின்னேரம் அதைப் பேத்தியிடம் கொடுத்து அனுப்பினேன். பங்கு எடுத்திருந்தால் அதுவே இரண்டாகியிருக்கும்.

பிறகு சாப்பாட்டுக் கடையிலும் ஆள் குறைந்தது. வெங்காயச் சாக்கு பாதியானது. சில நாள் வரவே இல்லை. ஆக்குகிற நாள், ஆக்காத நாள் என்று எனக்கு வந்தது. ஆக்காத நாளில் தேத்தண்ணி. ஆனாலும் பகலுக்கு இரண்டு தென்னோலையைப் போட்டு அடுப்பைப் புகைய விடுவேன். புகை வராவிட்டால் மகள் வந்து கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? டீச்சருக்கு மறைத்த அடுப்பை மகளுக்குக் காட்டினேன்.

பசி பழகிவிடும். கதைக்க ஆள் இல்லாததுதான் பழகவில்லை. முன்பு சாப்பிடுகிற நேரத்தில்தான் மகளும் நானும் கதைத்தோம். மீன் விலை, மதரஸாவில் பிள்ளை ஓதியது, யாருக்குக் கலியாணம் என்று. சோறு தனியானதும் கதையும் நின்றது. வேறு நேரம் அவளுக்கு வேலை. எனக்கும் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். உப்பு முடிந்தால் போய்க் கேட்பேன். அடிக்கடி உப்பு முடிய ஏலாது. சாக்குக் கொண்டு வருகிற ஆள் ஸலாம் சொன்னால் பதில் சொல்லும்போது என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். மற்றப்படி கடல் இரைச்சல்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் மண்டபத்தில் பெண்களுக்குப் பயான் இருக்கும். நான் போவேன். மார்க்கம் கேட்கவும்தான், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கும்தான். அது முடிந்ததும் தனியே இருக்கிற வயசாளிகளுக்கு ஒரு சோற்றுப் பார்சல் கொடுப்பார்கள். இறைச்சியும் பருப்பும் வைத்தது. என்னோடு பள்ளிக்கூடம் போன இரண்டு பேர் அதை வாங்கினார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டு வெளியே வருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பின்னால் வந்து கையைப் பிடித்தாள்.

"சாச்சி, ஒரு சொல்லுச் சொல்லுங்க. எனக்குத் துண்டு இல்லாமப் பொதி எடுக்க ஏலா. துண்டு எழுதினா மரைக்காருக்குச் சொல்லத்தான் வேணும். ஆனா ஊரெல்லாம் போய்க் கதைக்கமாட்டன்."

"நான் மகளோடதான் புள்ள தின்னுறன்."

"அப்பிடியெண்டா ஒங்கட கன்னம் என்ன இப்பிடிக் குழி விழுந்து போய்க் கிடக்கு?"

"பல்லு விழுந்திட்டு."

"எத்தின பல்லு சாச்சி? ரெண்டு கன்னத்துக்கும் வாற அளவுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நோன்பு வந்தது. நோன்பு மாதத்தில் பொதி கொஞ்சம் பெரிது. பேரீச்சம்பழமும் இருக்கும். அதற்காக டீச்சர் திரும்பவும் கணக்கு எடுக்க வந்தாள். நோன்புப் பகலில் எங்கள் ஊரில் அடுப்பு எரியாது. விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுக்கு எரிந்ததும் ஆறிவிடும். இருக்கிற அடுப்பும் இல்லாத அடுப்பும் ஒரே மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். கையை விட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. ஆகவே வாயால் கேட்டாள். நோன்பு பிடித்த ஆள் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான். அது பொய்க்கவில்லை. பக்கத்து வளவு மச்சிகூட, "ஒண்டுதான் டீச்சர், நோன்போட என்னத்தச் சொல்ற" என்று ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டதோடு நிற்காமல் விடுப்புப் பார்க்க எங்கள் வளவுக்கும் பின்னால் வந்தாள்.

நான் வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சாச்சி, நோன்புதானே?"

"ஓம். அல்ஹம்துலில்லாஹ்."

"எத்தின அடுப்பு?"

போன தடவை சொன்ன சொல் நாக்கில்தான் நின்றது. சொன்னால் நோன்பு என்னாவது? மற்றதைச் சொன்னால் மகள் என்னாவது? கத்தியைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

"என்ன கா மச்சி, ஒண்டு எண்டு சொல்ல இவ்வளவு நேரமா?" என்றாள் பக்கத்து வளவு மச்சி.

"நீங்க சும்மா இரிங்க. நீங்க எண்ணின வடிவ நான் பாத்தனான்," என்றாள் டீச்சர்.

அப்போது பின்கதவு திறந்தது. மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு, டீச்சர்."

மகள் என்னைப் பார்க்காமல் டீச்சரையே பார்த்தாள்.

"உம்மா தனியத்தான் ஆக்கிற. கனகாலம். எழுதுங்க."

மச்சி முக்காட்டால் வாயைப் பொத்தினாள். "அல்லாஹ்வே! இந்த வூட்டக் கட்டித் தந்த உம்மாவயா?"

"ஓம். அந்த உம்மாவத்தான்," என்றாள் மகள். முகம் கறுத்துப்போய் இருந்தது.

டீச்சர் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றை மகளுக்குக் கொடுத்தாள். மற்றதை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். மச்சியின் கையைப் பிடித்து, "வாங்க கா போவம், நோன்போட வெயில்ல நிக்க வாணாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

"கேட்டது என்னட்ட. நீ ஏன் சொன்ன?" என்றேன் மகளிடம்.

"நீங்க ஒண்டு எண்டு சொல்லிருவீங்க எண்டுதான் வந்த. மெலிஞ்சிட்டீங்க உம்மா."

"நான் ஆக்கித் தின்னுறன்தானே."

"சோறு வேகுற பொகைக்கும் சும்மா ஓலை எரியிற பொகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

தெரிந்திருந்தது. எவ்வளவு காலமாக என்று நான் கேட்கவில்லை.

"ஊர் உன்னப் பேசும் புள்ள."

"பேசட்டும். நீங்க தின்னுங்க."

இன்னொரு வழி இருந்தது. முன்னுக்கு வாங்க என்று கூப்பிடுவது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கூப்பிடவில்லை. ஐந்து வயிற்றுக்கே இழுபறியான பொதியில் ஆறாவது வயிறு. பள்ளிவாசல் எனக்கென்று தனியே தந்தால் எல்லாரும் தின்னலாம். பெயர் மட்டும் கெடும். அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அவளைக் கோபிக்க ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். கோபம் இருந்தாலாவது துணைக்கு இருக்கும்.

ஊர் பேசியது. குழாயடிக்கு நான் போனால் கதையை நிறுத்துவார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம் பரிதாபப்பட்டாள்.

"பெத்த உம்மாவுக்குப் பள்ளியா சோறு போடுற? ஒங்கட மகள் செஞ்ச வேல..."

"என்ட மகளப் பத்தி என்னோட கதைக்க வாணாம்," என்றேன்.

அதற்குப் பிறகு குழாயடியிலும் என்னோடு கதைக்க ஆள் இல்லை.

பொதி கொடுத்த நாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மருமகன் இரண்டையும் ஓட்டோவில் கொண்டு வந்தார். ஒன்றை முன்னுக்கு இறக்கினார். மற்றதைத் தோளில் வைத்துப் பின்னுக்கு வந்தார். கலியாணம் முடித்து வந்த நாள் தொட்டு அவர் என் அறைப் பக்கம் வந்ததில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். செருமினார்.

"மாமி, இது ஒங்கட பொதி."

வாசலில் வைத்தார்.

"பாரம். நீங்க தூக்க வாணாம்," என்று உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுசன்.

அடுப்புக்கு ஒரு பொதி என்பதால் எனக்கும் அவர்களுக்கும் ஒரே அளவுதான். எனக்கு அவ்வளவு எதற்கு? அரிசியில் பாதியை அப்போதே முன்னுக்கு அனுப்பினேன். மகள் வாங்கினாள். இதற்காகவும்தான் இரண்டு என்று சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன். நினைத்து என்ன. பிள்ளைகள் தின்னட்டும்.

அன்றைக்கு மஃரிபுக்குக் கொஞ்சம் முந்திப் பேத்தி வந்தாள்.

"உம்மம்மா, உம்மா ஒங்கள நோன்பு தொறக்க வரட்டாம்."

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பொதியிலிருந்து பேரீச்சம்பழம் கொஞ்சம் ஒரு கோப்பையில் எடுத்தேன். எனக்குப் பின்கதவால் போகத்தான் பழக்கம். அன்றைக்கு ஏனோ சுற்றி முன்வாசலால் போனேன். மருமகன் நோன்பு துறக்கப் பள்ளிக்குப் போயிருந்தார். மகள் விறாந்தையில் பாய் விரித்துப் பள்ளிக் கஞ்சியும் சம்பலும் வைத்திருந்தாள்.

"வாங்க உம்மா, இரிங்க."

கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். "என்னத்துக்கு இதெல்லாம்" என்றாள். வெளி ஆட்கள் ஏதும் கொண்டு வந்தால் நாங்கள் சொல்வது அது. சொன்ன பிறகுதான் அவளுக்கும் அது கேட்டது. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் கஞ்சி ஊற்றியிருந்தாள். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து வந்தாள். பெருநாளைக்கு வருகிற ஆட்களுக்கு எடுப்பது. முக்காட்டுத் தலைப்பால் துடைத்தாள். கஞ்சியை ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள்.

சின்னப் பிள்ளை அதைத் தொடக் கையை நீட்டியது. மகள் தட்டிவிட்டாள்.

"ஒடைச்சிராத. அது உம்மம்மாக்கு."

பாங்கு கேட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். கஞ்சி நன்றாக இருந்தது. குடித்து முடித்ததும் கிளாஸைக் கழுவக் குசினிக்கு எழும்பினேன்.

"வைங்க உம்மா, நான் கழுவுறன்," என்றாள்.

வைத்துவிட்டு வந்தேன்.